கல்லைப் படித்தவர், கலைக்காக வாதாடியவர்

போடியிலிருந்து தேவாரம் பக்கம் போகும்போது மேற்கே திரும்பிப் பார்த்தால், பொட்டிபுரத்துக்குப் பின்னால் அம்பரப்பர் மலை நிற்கும். அடி முதல் முடி வரை கருங்கல். அந்த மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கி வைத்து, வானிலிருந்து வரும் நியூட்ரினோ துகள்களை ஆராயலாம் என்று 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். இந்தியாவில் எத்தனையோ மலைகள் இருக்க இந்த மலையைத் தேடி வந்ததற்கு முதல் காரணம், கல்தான். அடர்த்தியான, ஒரே பாறையாக அமைந்த கல்.

கம்பம் பள்ளத்தாக்கில் வெடி வைத்துக் கிணறு வெட்டியவர்களுக்கு இந்தக் கல்லோடு பழக்கம் உண்டு. வெளியே வெயிலில் கிடக்கும் துண்டு பழுப்பேறிப் போயிருக்கும். சம்மட்டியால் பிளந்தால் உள்ளே கருநீலமும் பச்சையும் கலந்த ஒரு எண்ணெய் மினுக்கு. சில துண்டுகளில் கடுகளவு சிவப்பு மணிகள் தெரியும். அவை செம்மணிக் கற்கள். இந்தப் பாறைக்கு நிலவியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு மேல் மூடிய பலகை, சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்திலிருந்து போன கல். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் இந்தப் பெயரை வைத்தார்.

இதே பாறை கடலுக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மேற்கு மலையும், கண்டி மலைநாடும், மடகாஸ்கரும் ஒட்டிக் கிடந்த ஒரே நிலம். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, நசுங்கி, மறுபடி உருவான பாறைகள் இவை. அந்த வேக்காட்டில்தான் இலங்கையின் நீலக்கல்லும் கோமேதகமும் வைடூரியமும் விளைந்தன. நமக்குக் கருங்கல் கிடைத்தது. அவர்களுக்குக் கருங்கல்லோடு ரத்தினமும் கிடைத்தது.

1903ஆம் ஆண்டு, அந்தக் கண்டி மலைகளில் கையில் சுத்தியலோடு ஒரு இளைஞர் அலைந்துகொண்டிருந்தார். வயது 25. அப்பா யாழ்ப்பாணத்து வேர் கொண்ட தமிழர், அம்மா ஆங்கிலேயப் பெண். இலங்கையின் முதல் கனிமவியல் அளவைத் துறைக்கு அவர்தான் இயக்குநர். பெயர் ஆனந்த கெண்டிஷ் குமாரசுவாமி. உலகம் அவரை 'சிவ நடனம்' எழுதிய கலை மேதையாக அறியும். அவர் முதலில் ரத்தினக் கற்களையும் பாறைகளையும் படித்த மனிதர் என்பதைத் தமிழர்களில் பலர் மறந்துவிட்டோம். இந்தக் கட்டுரை அந்த மனிதரைப் பற்றியது. அவர் சட்டம் படிக்கவில்லை. கறுப்பு அங்கி போட்டதில்லை. ஆனால் வழக்கறிஞர்கள் நிறைந்த ஒரு குடும்பத்தில் பிறந்து, கல்லைக் கையில் எடுத்து, கடைசியில் வாயில்லாத ஒரு கட்சிக்காக ஆயுள் முழுக்க வாதாடியவர் அவர்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

அப்பா சர் முத்து குமாரசுவாமி 1834இல் பிறந்தவர். லண்டன் லிங்கன்ஸ் இன்னில் 1863இல் பாரிஸ்டர் ஆனார். கிறிஸ்தவரும் யூதரும் அல்லாத ஒருவர் ஆங்கிலேய வழக்கறிஞர் அவைக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. இலங்கைச் சட்டசபை உறுப்பினர். அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் எழுதி அதே 1863இல் லண்டனில் வெளியிட்டார். பாலி மொழியிலிருந்து சுத்தநிபாதத்தை மொழிபெயர்த்தார். 1874இல் சர் பட்டம். சைவர் ஒருவர் பௌத்த நூலை மொழிபெயர்த்து வெள்ளைக்காரர் கையில் கொடுத்தார் என்பதை இன்றைக்கு இலங்கையில் இரண்டு பக்கத்தாரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவருடைய சகோதரி வழியில் வந்த மருமகன்கள்தான் பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும். இராமநாதன் வழக்கறிஞராகி, சொலிசிட்டர் ஜெனரல் பதவி வரை போனவர். 1915 கலவரத்தையொட்டிச் சிங்களத் தலைவர்களை ஆங்கிலேய அரசு சிறையில் அடைத்தபோது, முதல் உலகப் போரின் நடுவே கப்பலேறி லண்டன் போய் அவர்களுக்காக வாதாடியவர். அருணாசலம் கேம்பிரிட்ஜில் படித்து, போட்டித் தேர்வு எழுதி சிவில் சர்வீசுக்குள் வந்த முதல் இலங்கையர், அவரும் பாரிஸ்டர். 1919இல் இலங்கை தேசிய காங்கிரஸின் முதல் தலைவர்.

இப்படிப்பட்ட வீட்டில் 1877 ஆகஸ்ட் 22இல் கொழும்பில் பிறந்தது ஒரே பிள்ளை. முத்து குமாரசுவாமி 1879 மே மாதம் இறந்தார். இங்கிலாந்துக்குப் போயிருந்த மனைவியையும் மகனையும் பார்க்கக் கப்பலேற இருந்த நாளிலேயே உயிர் போனது. பையனுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. அப்பா இருந்திருந்தால் ஆனந்தரும் லிங்கன்ஸ் இன் படியேறியிருக்கலாம். அப்பா இல்லாத அந்தப் பிள்ளையை அம்மா எலிசபெத் இங்கிலாந்தில் வளர்த்தார்.

12 வயதில் குளோஸ்டர்ஷயரில் உள்ள விக்ளிஃப் கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். பள்ளிக்குப் பக்கத்தில் டோவரோ என்று ஒரு குன்று. 18 வயதில் அந்தக் குன்றின் நிலவியலைப் பற்றிப் பள்ளி இதழில் எழுதியதுதான் அவருடைய முதல் கட்டுரை. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1900இல் முதல் வகுப்பில் தேறினார். அதே ஆண்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயக் கனிமத்தையும் பற்றி அவர் எழுதிய ஆய்வு லண்டன் நிலவியல் கழகத்தின் இதழில் வந்துவிட்டது.

இல்லம் கழுவிய கூடையில்

இரத்தினபுரிப் பக்கம் வயல் நடுவே குழி தோண்டித்தான் கல் எடுப்பார்கள். பக்கச்சுவர் சரியாமல் இருக்க மரக்கழிகளும் பன்னத் தழையும் வைத்து முட்டுக்கொடுத்திருப்பார்கள். களிமண் அடுக்குகளைத் தாண்டி இறங்கினால் கூழாங்கல்லும் மண்ணும் கலந்த ஒரு படுகை வரும். அதற்கு 'இல்லம்' என்று பெயர். இல்லத்தை மேலே ஏற்றி, கூம்பு வடிவக் கூடையில் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று சுழற்றுவார்கள். எடை குறைந்த மண்ணும் வெள்ளைக் கற்களும் விளிம்பு வழியாக வெளியே போய்விடும். கனமானது கூடையின் அடியில் தங்கும். சாதாரண வெண்கல்லாகிய குவார்ட்ஸ் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். நீலக்கல் 4 மடங்கு. அந்த வித்தியாசம்தான் கூடையின் வேலை. கடைசியில் பழகிய கை ஒன்று கூடையைச் சாய்த்து வெயிலுக்குக் காட்டி, மேலோட்டமாகத் தடவிப் பார்த்து ஒரே ஒரு கல்லை எடுக்கும். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் புரியும்.

அந்தக் கூடைகளில் சில இடங்களில் ஒரு விசித்திரமான பொருளும் அடியில் தங்கியது. கறுப்பாக, சின்னச் சின்னக் கனசதுரங்களாக, நீலக்கல்லைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமாக. நகைக்கு உதவாது. பலாங்கொடைப் பகுதியிலிருந்து வந்த அந்தக் கறுப்புக் கற்களைக் குமாரசுவாமி ஆராய்ந்தார். மாதிரிகள் லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயின. அங்கே விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்து, பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு, கூடவே யுரேனியம் என்று கண்டு 1904இல் 'தோரியனைட்' என்று பெயர் சூட்டினார். உலகத்துக்கு ஒரு புதுக் கனிமம்.

கதை அதோடு முடியவில்லை. அந்த இலங்கைக் கல்லிலிருந்து பிரித்த உப்பை, லண்டனில் வேதியியலாளர் வில்லியம் ராம்சே தம் ஆய்வகத்துக்கு வந்த ஒரு ஜெர்மானிய இளைஞரிடம் கொடுத்து ரேடியம் எடுக்கச் சொன்னார். இளைஞர் ரேடியம் தேடப் போய், 1905இல் ரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் ஓட்டோ ஹான். 33 வருஷம் கழித்து அணுவைப் பிளந்து காட்டிய அதே ஓட்டோ ஹான். அணு யுகத்தின் முதல் படிகளில் ஒன்று இலங்கை ரத்தினக் குழியின் கூடையிலிருந்து போனது என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்ல வேண்டாமா?

தோரியனைட்டைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு கல். கண்டிக்கு அருகே கங்கபிட்டிய என்ற இடத்தில், சுண்ணாம்புப் பாறையும் கிரானுலைட் பாறையும் சந்திக்கும் விளிம்பில், நீல நிறக் கனிமம் ஒன்றைக் குமாரசுவாமி பார்த்தார். பிரிட்டிஷ் மியூசியத்தின் கனிமவியலாளர் பிரையரும் அவரும் சேர்ந்து அதை ஆராய்ந்து 1903இல் அறிவித்தார்கள். அரபு வணிகர்கள் இலங்கைக்கு வைத்த பழைய பெயரால் அது 'செரண்டிபைட்' ஆனது. அப்போது யாரும் அதை நகைக்கல்லாக நினைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து இலங்கையிலும், பிறகு பர்மாவின் மொகோக்கிலும் பட்டை தீட்டக்கூடிய துண்டுகள் கிடைத்தன. இன்று உலகின் மிக அரிய ரத்தினங்களில் அது ஒன்று. அதை உலகுக்கு அறிவித்த இருவரில் ஒருவர் தமிழர்.

ரத்தின உலகமே அப்போது புரண்டுகொண்டிருந்தது. 1902இல் பிரான்சில் அகஸ்ட் வெர்னுயி, தீச்சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அது கண்ணாடிப் போலி கிடையாது; அதே வேதிப்பொருள், அதே கடினம், அதே எடை. கண்ணால் பார்த்துச் சொல்லும் காலம் அன்றோடு முடிந்தது. லென்ஸ் வைத்து உள்ளே பார்க்க வேண்டும்: மண்ணில் விளைந்த மாணிக்கத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும், சுடரில் வளர்ந்ததில் வளைந்திருக்கும். தேனியிலும் பெரியகுளத்திலும் ராசிக்கல் மோதிரம் வாங்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது தெரிந்து வைத்துக்கொள்ளலாம். சோதனைச் சான்றிதழ் இல்லாமல் காசைக் கொடுத்துவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், கையில் காட்ட எதுவும் இருக்காது.

பாறை தேடிப் போன இடத்தில்

அளவைப் பணி என்றால் ஊர் ஊராகப் போக வேண்டும். 1902இல் மணந்த எதல் பார்ட்ரிட்ஜும் கூடவே போனார். பாறையைத் தேடிப் போன கண்டிக் கிராமங்களில் குமாரசுவாமியின் கண்ணில் வேறு காட்சிகளும் பட்டன. விகாரைச் சுவர்களில் இருந்த பழைய ஓவியங்கள் அழிந்துகொண்டிருந்தன. கொல்லர், தட்டார், நெசவாளர், தந்தச் சிற்பி எல்லோரும் தொழிலை விட்டுக்கொண்டிருந்தார்கள். காரணம் பஞ்சம் கிடையாது. இங்கிலாந்து ஆலைச் சரக்கு வந்து இறங்கியது. அதை வாங்குவதுதான் கௌரவம் என்று உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் நினைத்தார்கள்.

1905இல் கண்டித் தலைவர்களுக்கு அவர் ஒரு திறந்த கடிதம் எழுதினார். உங்கள் முன்னோர் கட்டிக் காத்த கோயில்களையும் வீடுகளையும் நீங்களே பாழாக்குகிறீர்கள் என்பது அதன் சாரம். அதே ஆண்டு, ஐரோப்பிய உடையையும் பழக்கத்தையும் இரவல் வாங்கும் மோகத்தைக் கண்டித்து ஒரு சிறு நூல். அடுத்து இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம். அதற்கு அவரே தலைவர். தாய்மொழியில் கல்வி வேண்டும், நாட்டுக் கைத்தொழில் வேண்டும் என்று சங்கம் பேசியது. சங்கத்தின் பேரில் ஒரு பத்திரிகையும் வந்தது.

இதை நான் வாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உணர்ச்சிவசப்பட்டு மேடையில் பேசிவிட்டுப் போகிற ஆளாக அவர் இருக்கவில்லை. பாறையை எப்படிப் படித்தாரோ அப்படியே கைத்தொழிலையும் படித்தார். கல்லை எடுத்தால், எங்கே கிடைத்தது, பக்கத்தில் என்ன இருந்தது, எடை என்ன, எதில் கரையும் என்று எழுதிப் பழகிய கை அது. அந்தக் கை இப்போது, அரக்கு எப்படிச் சூடாக்கப்படுகிறது, பித்தளைக் குத்துவிளக்கு எந்த அச்சில் வார்க்கப்படுகிறது, பாய் நெய்யும் கோரைக்கு எந்தச் செடியின் சாயம் ஏறுகிறது என்று எழுதியது. சாட்சிகளை வரிசையாக நிறுத்தி, ஆவணங்களை அடுக்கி, பிறகு வழக்கைச் சொல்வது நல்ல வழக்கறிஞரின் வேலை. குமாரசுவாமி செய்தது அதைத்தான்.

லண்டன் பல்கலைக்கழகம் கனிமவியல் பணிக்காக 1906இல் அவருக்கு அறிவியல் டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்த வருஷத்தோடு அரசு வேலையை முடித்துக்கொண்டார். அதன் பிறகு கல்லின் பக்கம் தொழிலாகத் திரும்பவில்லை. 29 வயதில், கையில் பட்டமும் பெயரும் இருக்கும்போது துறை மாறினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சேர்த்து வைத்த குறிப்புகள் இங்கிலாந்தில் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பெரிய நூலாயின. வில்லியம் மோரிஸ் தம் புத்தகங்களை அச்சடித்த அதே கைஅச்சு இயந்திரத்தில், 1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பர் வரை அச்சாகி முடிந்தது. 425 பிரதிகள்தான். படங்களில் பெரும்பகுதி எதல் எடுத்தவை. இந்த எதலுக்கு நாம் ஒரு நன்றி சொல்ல வேண்டும். பிற்காலத்தில் எதல் மெய்ரே என்ற பெயரில் இங்கிலாந்தின் கைநெசவையே தூக்கி நிறுத்திய பெண் அவர்தான்.

அந்த நூலில் ஒரு பகுதி, புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு. சிலை முழுவதும் முடிந்த பிறகும் கண் மட்டும் எழுதாமல் இருக்கும். குறித்த நல்ல நேரத்தில், பூட்டிய அறைக்குள் கலைஞர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று, கையில் இருக்கும் கண்ணாடியில் பார்த்தபடி தோளுக்கு மேலே தூரிகையைக் கொண்டுபோய்க் கண்ணை எழுதுவார். சிலையின் முதல் பார்வை மனிதன் மேல் விழக்கூடாது. எழுதி முடித்ததும் அவருடைய கண்ணைக் கட்டி வெளியே அழைத்து வந்து, உடைக்கவோ வெட்டவோ வேண்டிய ஒரு பொருளின் மேல் அவருடைய முதல் பார்வை படும்படி செய்வார்கள். நம் ஊர் ஸ்தபதிகள் தங்க ஊசியால் கண் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சைவத் தமிழர் ஒருவர் சிங்களக் கலைஞர்களின் வழக்கை எடுத்துப் பேசினார், அதுவும் இவ்வளவு நுணுக்கமாக.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. பழைய கைத்தொழில் சமூகத்தை அவர் அழகாக்கிக் காட்டினார். பிறப்பை வைத்துத் தொழிலைக் கட்டிப் போட்ட சாதி ஏற்பாட்டுக்கு அவர் கொடுத்த நியாயம் எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த ஏற்பாட்டின் அடிமட்டத்தில் கிடந்தவர்களின் வாக்குமூலம் அவருடைய கோப்பில் இல்லை. கைவினைஞருக்காக வாதாடியவர், அதே ஊரின் வேறொரு தெருவைப் பார்க்கத் தவறினார்.

பாஸ்டனில் முப்பது ஆண்டு

இந்தியா முழுவதும் சுற்றி ராஜபுத்திர ஓவியங்களையும் செப்புத் திருமேனிகளையும் சேர்த்தார். அதை வைத்து இந்த நாட்டிலேயே ஒரு அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்று விரும்பினார். அதற்குப் பணம் போட ஆள் கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் ஆங்கிலேயருக்காகச் சண்டையிட மறுத்தார். 1917இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பை, டென்மன் ராஸ் என்ற புரவலர் வழியாக, வாங்கிக்கொண்டு அவரையே இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளராகவும் ஆக்கியது. 1947 செப்டம்பர் 9இல் இறக்கும் வரை அங்கேயே வேலை.

நம் கலைச் செல்வம் அமெரிக்கா போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள், அதை வைத்துக்கொள்ள அன்று நம்மிடம் மனமும் இடமும் இருந்ததா என்றும் கேட்க வேண்டும். விலை கொடுத்துச் சேர்த்தவர் கொடுக்க முன்வந்தார். வாங்கிக்கொள்ள நாம் முன்வரவில்லை.

நடராசர் பற்றிய அவருடைய கட்டுரை முதலில் 1912இல் சென்னையிலிருந்து வந்த 'சித்தாந்த தீபிகை' இதழில் அச்சானது. 1918இல் நியூயார்க்கில் அது நூலின் தலைப்பாகவே ஆனது. சிதம்பரத்தில் சைவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த வடிவத்தை உலகின் தலைசிறந்த சிற்பங்களோடு உட்கார வைத்தது அந்தக் கட்டுரை. 2004இல் இந்திய அரசு ஜெனீவா அருகில் உள்ள சேர்ன் அணுத்துகள் ஆய்வு மையத்துக்கு ஒரு நடராசர் சிலையைக் கொடுத்தது. சிலைக்குக் கீழே உள்ள பலகையில் குமாரசுவாமியின் சொற்கள் இருக்கின்றன. தோரியனைட்டை ஆராய்ந்தவரின் வாசகம், துகள் ஆய்வாளர்கள் தினமும் நடந்து போகும் வழியில்.

நம் பள்ளத்தாக்கிலும் இதே திசையில் போன ஒருவர் உண்டு. உத்தமபாளையத்தில் 1892இல் பிறந்த பி.டி.ராஜன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து பாரிஸ்டர் ஆனவர், நீதிக்கட்சித் தலைவர், 1936இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. சபரிமலைக் கோயில் 1950இல் தீக்கிரையான பிறகு, புதிய ஐம்பொன் ஐயப்பன் சிலையை நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டுபோனார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் 1963 குடமுழுக்குத் திருப்பணியை முன்னின்று நடத்தினார். குமாரசுவாமி கல்லிலிருந்து சிலைக்கு வந்தார். ராஜன் சட்டத்திலிருந்து சிலைக்கு வந்தார். தேனி மாவட்டத்தில் ஓடும் பி.டி.ஆர். வாய்க்காலில் குளிக்கிற பிள்ளைகளுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

மண் சாட்சி சொன்ன வழக்கு

மண்ணையும் உலோகத்தையும் பற்றிய அறிவும் சட்டமும் ஒரே கூண்டில் ஏறிய வழக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்காக லண்டனில் நடந்தது. 1976இல் பத்தூர் என்ற ஊரில் குடிசைக்குப் பக்கத்தில் தோண்டும்போது ஒரு நடராசர் கிடைத்தார். கைமாறிக் கைமாறி லண்டன் போனார். 1982இல் ஒரு கனடா நிறுவனம் வாங்கியது. போலீஸ் பறிமுதல் செய்தது. சிலை எங்கள் கோயிலுடையது என்று இந்திய அரசும் தமிழக அரசும் மட்டுமல்ல, பாழடைந்த அந்தக் கோயிலின் சிவலிங்கமும் வாதியாகச் சேர்ந்தது. தமிழகத் தொல்லியல் துறையின் இயக்குநர் இரா.நாகசாமி நிபுணர் சாட்சியாகக் கூண்டேறினார். சிலையில் ஒட்டியிருந்த மண், கரையான் தடம், உலோகக் கலவை, உருவ அமைதி என்று ஒவ்வொன்றாக வைத்து, அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டுக் காட்டப்பட்டது. 1988இல் தீர்ப்பு நம் பக்கம். 1991இல் மேல்முறையீட்டிலும் நம் பக்கம். அந்த ஆண்டே நடராசர் திரும்பி வந்தார்.

சோழர் காலத் திருமேனி எது என்று எடுத்துச் சொல்லும் அறிவை ஒரு துறையாக வளர்த்த முன்னோடிகளில் குமாரசுவாமி முதல் வரிசை. அவர் இறந்து 40 ஆண்டுகள் கழித்து, அவருடைய அப்பா படித்த ஊரின் நீதிமன்றத்தில் அந்த அறிவு வழக்கை வென்றது.

நம் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 45ஆவது பிரிவு நிபுணர் கருத்தை ஏற்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 39ஆவது பிரிவு. இடம் இருக்கிறது, அதில் ஏற ஆள் வேண்டும்.

பொட்டிபுரம் நியூட்ரினோ வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2015 மார்ச்சில் வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதைப் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு பசுமைத் தீர்ப்பாயத்தில் எடுத்துவைக்க, 2017 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. 2018இல் மீண்டும் அனுமதி வந்தது. ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று தீர்ப்பாயம் சொன்னது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தத் திட்டத்துக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இத்தனை ஆண்டும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கல்லில் வெடி வைத்தால் மலைக்கும், நீருக்கும், அணைகளுக்கும் என்ன ஆகும்? அதற்குப் பதில் சொன்னவர்களும் மறுத்தவர்களும் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். மலையடிவாரத்து மக்கள் பயந்தார்கள், போராடினார்கள். அவர்களுடைய பயம் எங்கே சரி, எங்கே மிகை என்று அவர்கள் பேச்சிலேயே விளக்கிச் சொல்ல, கல்லும் சட்டமும் சேர்த்துப் படித்த ஒரு உள்ளூர் ஆள் இல்லை. என் பார்வையில் அந்த வழக்கின் பெரிய குறை அதுதான்.

இனியும் வழக்குகள் வரும். கிரானைட் குவாரி, ஆற்று மணல், முல்லைப் பெரியாற்று அணையின் சுண்ணாம்புக் கட்டு, கோயில் சிலை, நகைக்கடை மாணிக்கம் எல்லாமே கல்லைத் தெரிந்த வழக்கறிஞரைக் கேட்கும் விஷயங்கள். தேனியில் 2019 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பருவமாவது நிலவியலும் கனிமச் சோதனையும் தொல்பொருள் அறிவும் விருப்பப் பாடமாக வைக்கலாம். பாறை கண் முன்னால் இருக்கிறது. ஒரு கைலென்ஸும் ஒரு சுத்தியலும் போதும் தொடங்குவதற்கு. நிலவியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பட்டதாரிகளே, மூன்று வருஷச் சட்டப் படிப்பு உங்களுக்காகவும் திறந்திருக்கிறது. தேனி, போடி, உத்தமபாளையம் நீதிமன்றங்களில் உங்களுக்கு வேலை காத்திருக்கிறது. விண்ணப்பம் போடுங்கள்.